படலையடியில் நின்று செய்கிற வேலை: களச் சுகாதாரப் பணியாளர்களின் கேள்விகளும் பதில்களும்

யாழ்ப்பாணத்தில் முதல் கொரோனாத் தொற்று உறுதியானது 2020 மார்ச் கடைசியில். அன்று தொடங்கி வீடு வீடாகப் போனவர்கள் மருத்துவமாதுகளும் (குடும்பநல உத்தியோகத்தர்கள்), பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும், அவர்களோடு நின்ற தொண்டர்களும். வைத்தியசாலையில் வேலை செய்பவருக்குக் கை கழுவ ஒரு தொட்டியும் உடுப்பு மாற்ற ஓர் அறையும் இருக்கும். களத்தில் நிற்பவருக்கு ஸ்கூட்டியும் தோள்பையுந்தான். 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் பரவியபோதும் படலையைத் தட்டியவர்கள் இவர்களே. அடுத்த தொற்று வருமுன் கேட்டு வைக்க வேண்டியதைக் கேளுங்கள் என்று எழுதியிருந்தோம். வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்திருக்கிறோம். பெரும்பாலானவை கொரோனாக் காலத்தில் நடந்ததை இன்று நடப்பதுபோலக் கேட்டவை.

பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள். வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து வந்தபடியால் வீடு தனிமைப்படுத்தலில் இருக்கிறது. போகாமல் விட மனம் வராது. போனால் அடுத்த வீட்டுக் கர்ப்பிணிக்கு நானே காவிக்கொண்டு போய்விடுவேனோ என்று பயம். எப்படிப் போவது?
*குடும்பநல உத்தியோகத்தர், தென்மராட்சி*

போகத்தான் வேண்டும். பேற்றுக்குப் பின் முதல் ஐந்து நாளுக்குள் ஒரு தரம், ஆறு முதல் பத்து நாளுக்குள் இன்னொரு தரம் பார்ப்பது நம் நாட்டு ஒழுங்கு. குருதிப்பெருக்கு, வலிப்பு, கிருமித்தொற்று, பிள்ளையின் மஞ்சட்காமாலை எல்லாம் தலைகாட்டுவது இந்த நாட்களில்தான். தொற்றுக்குப் பயந்து இந்தப் பார்வையை விட்டால் தாயையே இழக்க நேரலாம்.

முதலில் அன்றைய வீடுகளின் வரிசையைத் தீர்மானியுங்கள். கர்ப்பிணிகளையும் காய்ச்சல் இல்லாத வீடுகளையும் காலையிலேயே முடித்து, தனிமைப்படுத்தல் வீட்டைக் கடைசியாக வையுங்கள். அதன்பின் நேரே வீட்டுக்கு. அங்கி, கையுறை எல்லாம் இருந்தும் இந்த வீட்டை நடுவில் பார்த்துவிட்டு அடுத்த கர்ப்பிணியிடம் போவதுதான் பெரிய பிழை. அங்கி கிடைக்காத நாளிலும் வரிசை உங்கள் கையில் இருக்கிறது.

அடுத்தது, பாதி வேலையைத் தொலைபேசியில் முடிப்பது. ஒரு மீற்றருக்குள் 15 நிமிடம் நிற்பதுதான் நெருங்கிய தொடர்பு என்று கணக்கெடுத்தோம். ஆகவே கேட்டு அறியக்கூடியது எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கேட்டுவிடுங்கள். நேரில் போவது கண்ணாலும் கையாலும் பார்க்க வேண்டியதற்கு மட்டும்: தாயின் உடல் வெப்பம், பிரஷர், தையல், மார்பு, காலில் வீக்கம், பிள்ளையின் நிறை, தொப்புள், மூச்சு, மஞ்சள். இவ்வளவுக்கும் பத்து நிமிடம் போதும்.

விறாந்தையில் உட்காராதீர்கள். கூரையும் மூன்று பக்கச் சுவரும் உள்ள விறாந்தை, காற்றைப் பொறுத்தவரை அறை மாதிரித்தான். வளவுக்குள் மாமர நிழலில் ஒரு கதிரையைப் போடச் சொல்லுங்கள். தாயும் பிள்ளையும் மட்டும் வரட்டும், மற்றவர்கள் உள்ளே இருக்கட்டும். தையலையும் மார்பையும் பார்க்க அறைக்குள் போகத்தான் வேண்டும். அதைக் கடைசிக்கு வைத்து, யன்னல்களைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய், பார்த்தவுடன் வெளியே வந்துவிடுங்கள். தோள்பை ஸ்கூட்டியிலேயே தொங்கட்டும். வெப்பமானி, பிரஷர் கருவி, தூக்குத் தராசு, எழுபது வீத அற்ககோல், பஞ்சு இவற்றை மட்டும் ஒரு பொலித்தீன் பையில் எடுத்துப் போங்கள். பிரஷர் பார்க்கும்போது தாய் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்ளட்டும். தராசில் தொங்கவிட அந்த வீட்டுத் தோய்த்த சேலையையே கேளுங்கள். மஞ்சள் பார்க்க வெளிச்சம் வேண்டும், மரத்தடி அதற்கும் நல்லது. உள்ளங்காலை விரலால் அழுத்தி எடுத்ததும் தோல் மஞ்சளாகத் தெரிந்தால் அன்றே வைத்தியசாலைக்கு. நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும் அப்படியே.

கையுறை குருதி, கழிவு தொடுகிற வேலைக்கு மட்டும். காலையில் போட்ட கையுறையோடு நாள் முழுக்கத் திரிவது, கழுவாத கையோடு திரிவதற்குச் சமம். முடிந்ததும் கிணற்றடியில் ஒருவர் தண்ணீர் ஊற்ற, சவர்க்காரத்தால் 40 முதல் 60 விநாடி கை கழுவுங்கள். தாயின் பதிவு அட்டையைத் தொட்டால் தொற்றிவிடும் என்று பயந்து, பிரஷர் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு போய் இரவில் எழுதுகிறார்கள். இரண்டு வீட்டுக் கணக்கும் மாறிப்போவது அங்கேதான். அட்டையில் அந்த இடத்திலேயே எழுதுங்கள். கை கழுவுவது அதன் பிறகு.

தாய்க்கே தொற்று உறுதியானாலும் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லாதீர்கள். முகக்கவசம் போட்டு, கை கழுவிப் பால் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இன்னொன்று, தேத்தண்ணி. நம் ஊரில் வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப மாட்டார்கள், மறுத்தால் மனம் நோகும். ஆனால் களத்தில் முகக்கவசம் கீழே இறங்குவது தேத்தண்ணிக் கோப்பையோடுதான். முதல்நாள் தொலைபேசியிலேயே "இந்தமுறை ஒண்டும் வைக்காதேங்கோ, கொரோனா முடிய வந்து குடிக்கிறன்" என்று சொல்லிவிட்டால், படலையடியில் நின்று மறுக்கும் சங்கடம் இல்லை.

தொலைபேசியில் விசாரித்தால் எல்லாரும் "நல்லா இருக்கிறம் மிஸ்" என்கிறார்கள். பிறகுதான் சிக்கல் தெரிகிறது.
*மருத்துவமாது, வலிகாமம் வடக்கு*

"சுகமா?" என்று கேட்டால் "சுகம்" என்றுதான் பதில் வரும், அது நம் மரியாதை. எண்ணிச் சொல்ல வேண்டிய கேள்வியாகக் கேளுங்கள். "பிள்ளை நேற்றுக் காலையிலிருந்து எத்தனை தரம் சலம் போனது?" ஐந்தாம் நாளுக்குப் பின் ஒரு நாளில் ஆறுக்குக் குறைந்தால் பால் போதவில்லை என்று எடுத்து நேரில் பாருங்கள். "எத்தனை பாட் மாற்றினீர்கள்?" ஒரு மணித்தியாலத்துக்குள் ஒன்று முழுதாக நனைந்தால் அடுத்த கேள்வி வேண்டாம், 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு எடுக்கச் சொல்லுங்கள். கர்ப்பிணியிடம் "பிள்ளை துடிக்குதா?" என்று கேட்காமல், காலை எட்டு மணியிலிருந்து எண்ணச் சொல்லி, பத்தாவது துடிப்பு எத்தனை மணிக்கு வந்தது என்று கேளுங்கள். 12 மணித்தியாலத்துக்குள் பத்து வராவிட்டால் அன்றே அனுப்ப வேண்டும். தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோவு மூன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "வேற ஏதும் பிரச்சினையா?" என்பதற்குள் அவை மறைந்துவிடும்.

ஊரடங்கில் கணவர் பக்கத்திலேயே இருப்பார். வீட்டில் அடி உதை என்று சந்தேகம் இருந்தால் "ஓம்", "இல்லை" என்று மட்டும் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள்: "பக்கத்தில ஆள் நிக்குதோ?", "நான் பிறகு எடுக்கட்டோ?", "கிளினிக்குக்கு உங்களைத் தனிய வரச் சொல்லட்டோ?" தடுப்பூசித் திகதியைச் சாட்டி அழைத்தால் அவர் தனியே வர வழி கிடைக்கும். பெண்கள் உதவி இலக்கம் 1938ஐக் கடதாசியில் எழுதிக் கொடுக்காதீர்கள். மனப்பாடம் பண்ணச் சொல்லுங்கள்.

தொடர்பாளர் (தொற்றியவரோடு பழகியவர்கள்) விபரம் எடுக்கப் போனால் ஆட்கள் மறைக்கிறார்கள். ஒருவர் கோயிலுக்குப் போனதையே சொல்லவில்லை. சட்டம் இருக்கிறது, ஆனால் வெருட்டி வேலை செய்ய விருப்பம் இல்லை.
*பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வடமராட்சி*

1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் உங்களுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் சட்டத்தைக் காட்டி ஒருவரை வீட்டுக்குள் வைக்கலாமே தவிர, அவருடைய ஞாபகத்தை வெளியே எடுக்க முடியாது. இந்த மண்ணில் சீருடையோடு வந்து பெயர்ப்பட்டியல் எடுப்பது என்றால் என்ன என்பதற்கு ஒரு தலைமுறைக்கு வேறு அர்த்தம் இருக்கிறது. பொலிஸ் ஜீப்புக்குப் பின்னால் போய் இறங்கினால், நீங்கள் வாய் திறக்கும் முன்பே பாதித் தகவல் போய்விடும். முடிந்தவரை தனியே, உங்கள் மோட்டார் சைக்கிளில் போங்கள். ஒழுங்கையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அயல் முழுக்கக் கேட்டுவிடும், அடுத்த வீட்டுக்காரரும் உங்களுக்கு உண்மை சொல்லமாட்டார்.

எடுத்தவுடன் "யாரோட பழகினீங்கள்?" என்று கேட்காதீர்கள். அது காட்டிக்கொடுக்கச் சொல்வது போலக் காதில் விழும். முதலில் சாப்பாட்டைக் கேளுங்கள்: அரிசி, மா, பிள்ளைக்குப் பால்மா இருக்கிறதா, மருந்து எடுப்பவர் இருக்கிறாரா. கிராம அலுவலருக்கு அவர் முன்னாலேயே தொலைபேசி எடுத்து ஒழுங்கு செய்யுங்கள். பட்டினி கிடக்க வேண்டி வரும் என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள், குறிப்பாக நாட்கூலிக்குப் போகிற வீடுகளில்.

பிறகு காய்ச்சல் தொடங்கிய நாளைப் பிடியுங்கள். அதற்கு இரண்டு நாள் முன்னிருந்து, ஒவ்வொரு நாளையும் காலை, மத்தியானம், பின்னேரம், இரவு என்று நடத்திக்கொண்டு வாருங்கள். திகதி சொன்னால் யாருக்கும் நினைவு வராது. வெள்ளிக்கிழமை, சந்தை நாள், செத்தவீடு, அந்தியேட்டி, கடலுக்குப் போன நாள் என்று பிடித்தால் வரும். "கோயிலுக்குப் போனீங்களோ" என்பதைவிட "வெள்ளிக்கிழமை பூசைக்கு எத்தினை பேர் வந்திருப்பினம்" என்று கேட்டால், போகாதவர் "நான் போகேல்லை" என்பார், போனவர் கணக்குச் சொல்வார். மாலையில் ஒருதரம் திரும்ப எடுங்கள். நீங்கள் போன பிறகு அவருக்கு இன்னும் இரண்டு பெயர் ஞாபகம் வந்திருக்கும். யார் பெயர் தந்தது என்பதைத் தொடர்பாளரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். ஒரு தரம் கசிந்தால் அந்தக் கிராமத்தில் உங்கள் வேலை முடிந்தது.

முழு உடல் அங்கியோடு வைகாசி வெயிலில் மாதிரி எடுக்கிறோம். தலை சுற்றுகிறது, கண்ணாடி புகார் பிடிக்கிறது. என்ன செய்யலாம்?
*பயிற்சியில் உள்ள பரிசோதகர், யாழ் நகர்*

முதலில், அந்த அங்கி எல்லா வேலைக்கும் தேவையில்லை. வீட்டு வாசலில் கதைக்க, பட்டியல் எடுக்க, உலர் உணவு கொடுக்க மருத்துவ முகக்கவசமும் இடைவெளியும் போதும். மூக்கில் மாதிரி எடுக்கும்போது என்95 முகக்கவசம், கண் மறைப்பு, கையுறை, நீண்ட கை மேலங்கி. ஊர் முழுக்க வெள்ளை அங்கியோடு திரிந்தால் உடம்பும் சோரும், சனமும் பயப்படும்.

மாதிரி எடுப்பதைக் காலை ஒன்பதரைக்குள் முடிக்கப் பாருங்கள். முடியாவிட்டால் இருவராகப் பிரிந்து, ஒருவர் அங்கியோடு 40 நிமிடத்துக்கு மேல் நிற்காமல் மாறுங்கள். அங்கி போடுமுன் அரை லீற்றர் தண்ணீர் குடியுங்கள். கழற்றிக் கை கழுவியதும் ஜீவனி (வாய்வழி நீரேற்று உப்பு), பக்கற்றில் சொன்னபடி ஒரு லீற்றரில் ஒரு பக்கற் கரைத்தது. சலம் போக வசதியில்லை என்று பெண் பணியாளர்கள் தண்ணீரே குடிக்காமல் நிற்கிறார்கள். இதைச் சகித்துக்கொள்ளக் கூடாது. மாதிரி எடுக்கும் இடத்தைத் தெரிவுசெய்யும்போதே கழிப்பறை உள்ள பாடசாலையோ சனசமூக நிலையமோ பாருங்கள். வியர்வை நின்று தோல் சூடாகி, கதை தடுமாறினால் அது களைப்பு அல்ல, வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய், அங்கியை வெட்டிக் கழற்றி, தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990க்கு எடுங்கள்.

சோளகம் வீசுகிற மாதங்களில் காற்று உங்களுக்குக் குறுக்காகப் போகும்படி இருவரும் நில்லுங்கள். தும்மல் வந்தாலும் பக்கவாட்டில் போய்விடும்.

என்95 இரண்டு விதத்தில் தோற்கும்: தாடி, ஈரம். முகத்தோடு ஒட்டுகிற விளிம்பில் தாடி இருந்தால் அது வெறும் துணி மாதிரித்தான். போட்டதும் இரு கையாலும் மூடி ஊதிப் பாருங்கள். மூக்கோரம் காற்றுக் கசிந்தால் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்துங்கள், ஒரு கையால் கிள்ளினால் நடுவில் மடிப்பு விழும். கண்ணாடி புகார் பிடிப்பதும் இந்தக் கசிவால்தான், ஆகவே அதைக் குறை சொல்லாமல் எச்சரிக்கையாக எடுங்கள். வியர்வையில் நனைந்தால் அது முடிந்தது. தட்டுப்பாடு என்றால் நனையாதவற்றை ஐந்து தாள் உறையில் நாள் பெயர் எழுதி மாற்றி மாற்றிப் போடலாம். ஒன்றை ஐந்து தரத்துக்கு மேல் வேண்டாம். பொலித்தீனில் போட்டால் ஈரம் காயாது.

கழற்றும்போதுதான் அதிகம் பிழை நடக்கிறது, ஏனென்றால் எல்லாரும் முதலில் முகத்தைத்தான் விடுவிக்கப் பார்க்கிறார்கள். கையுறை, அங்கி, கை சுத்தம், கண் மறைப்பு, கடைசியாகப் பின்பட்டியால் பிடித்து என்95, திரும்பவும் கை சுத்தம். ஒருவர் எதிரே நின்று வரிசையை வாசிக்க, மற்றவர் கழற்றட்டும்.

கிளினிக் தரை, மேசை துடைக்க ரீ.சி.எல். (குளோரீன்) தூள் எவ்வளவு போடுவது? ஒவ்வொருவர் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறார்கள். கை அவிகிறது.
*சுகாதாரச் சிற்றூழியர், கோப்பாய்*

தூளில் ஏறத்தாழ 30 வீதம் குளோரீன் என்று வைத்தால், 10 லீற்றர் தண்ணீருக்கு 33 கிராம். அது 0.1 வீதக் கரைசல், மேசைக்கும் தரைக்கும் கதவுப் பிடிக்கும் போதும். குருதி, வாந்தி சிந்திய இடத்துக்கு 0.5 வீதம், அதாவது 10 லீற்றருக்கு 167 கிராம். கரண்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். கடையில் ஒரு தரம் 33 கிராம் நிறுத்து, ஒரு பிளாஸ்ரிக் கோப்பையில் போட்டு, மட்டத்தில் பேனையால் கோடு கீறி வையுங்கள். அதன்பின் யார் கரைத்தாலும் ஒரே கணக்கு.

பிளாஸ்ரிக் வாளியில் கரையுங்கள், அலுமினியம் அரிக்கும். கொஞ்சத் தண்ணீரில் களியாகக் குழைத்து, மிச்சத்தை ஊற்றி, அடியில் சுண்ணாம்பு படிந்த பின் தெளிவை எடுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம். முதலில் சவர்க்காரத்தால் அழுக்கை எடுத்துக் கழுவிவிட்டுப் பிறகு பூசுங்கள். அழுக்கின்மேல் பூசினால் குளோரீனை அழுக்குத் தின்றுவிடும். பூசியதும் துடைக்காமல் பத்து நிமிடம் ஈரமாக இருக்க விடுங்கள். அன்றாடம் புதிதாகக் கரையுங்கள். கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள், வருகிற வாயு நுரையீரலை அரிக்கும். ஆட்கள்மேல் தெளிப்பதும் கூடாது.

கை அவிவதற்கு இரண்டு காரணம்: கோடு கீறாத கணக்கு, கிழிந்த கையுறை. தடித்த ரப்பர் கையுறை கேட்டு வாங்குங்கள். கிணற்றுக்குப் போட வைத்த பையை மாரியில் வாய் திறந்தபடி விட்டால் தூள் கட்டிபட்டு வீரியம் போய்விடும், பிறகு எவ்வளவு போட்டும் பயனில்லை. குழந்தை நிறுக்கும் தட்டைக் குளோரீனால் துடைத்தால் நல்ல தண்ணீரால் திரும்பத் துடையுங்கள். பிரஷர் பட்டிக்கு அற்ககோல் மட்டும்.

மனைவி மருத்துவமாது. வீட்டில் வயதான அம்மாவும் மூன்று வயது மகளும். வேலையால் வந்தவரை நாங்கள் கொட்டிலில் படுக்க வைக்கிறோம். இது சரியா?
*ஒரு வாசகர், காரைநகர்*

தேவையில்லை, தயவுசெய்து உள்ளே எடுங்கள். 2020இல் எல்லாரும் பொருட்களுக்குப் பயந்தோம். கொரோனா பெரும்பாலும் மூச்சுக் காற்றால் பரவுகிறது என்பது பிறகு தெளிவாகியது. வந்ததும் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் குளித்து, உடுப்பை வாளியில் ஊறவைத்து, தொலைபேசியையும் ஸ்கூட்டித் திறப்பையும் அற்ககோலால் துடைத்தால் போதும். அவருக்குத் தொண்டை நோவோ, காய்ச்சலோ, மணம் தெரியாமலோ போனால் அன்றே தனி அறை, திறந்த யன்னல், பரிசோதனை. அம்மாவுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். கொட்டிலைவிட அதுதான் அவரைக் காக்கும்.

நெடுந்தீவுக்குத் தடுப்பூசி கொண்டுபோகும்போது சில குப்பிகள் உறைந்துவிட்டன. வெயிலுக்குப் பயந்து ஐஸ் கூடவே போட்டோம்.
*தாதிய உத்தியோகத்தர், தீவகம்*

வெயில் கெடுப்பதைவிட ஐஸ் கெடுப்பது அதிகம். வேண்டியது 2 முதல் 8 பாகை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பொதியை உடனே அடுக்கினால், பக்கத்தில் உள்ள குப்பி பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். ஐஸ் பொதிகளை மேசையில் பரப்பி வைத்து, காதருகே பிடித்துக் குலுக்குங்கள். உள்ளே தண்ணீர் களகளவென்று கேட்ட பிறகுதான் அடுக்க வேண்டும். உறைந்த குப்பி உருகினாலும் பாவிக்கக் கூடாது, திருப்பிக் கொடுத்துப் பதியுங்கள். குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருக்கும்போது பெட்டியைத் திறந்து வெப்பமானி பார்ப்பதை விடுங்கள், ஒவ்வொரு திறப்பும் குளிரைக் கொட்டுகிறது. படகில் இயந்திரப் பக்கம் வைக்காதீர்கள்.

கொரோனாவுக்கு அஸ்ட்ராசெனகா தடுப்பூசி போட்ட காலத்தில், பத்துப் பேருக்கான அதன் குப்பியைத் திறந்தால் ஆறு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டியிருந்தது. பின்னேரம் கடைசிக் குப்பியைத் திறக்குமுன் ஆளை எண்ணுங்கள். படுக்கையில் இருப்பவர்களின் பட்டியலைக் காலையிலேயே கிராம அலுவலரிடம் வாங்கி வைத்தால், மிஞ்சுகிற ஊசியோடு நேரே அவர்கள் வீட்டுக்குப் போகலாம். போட்டபின் குறைந்தது 15 நிமிடம் பார்த்திருக்க வேண்டும், கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் கையோடு இருக்க வேண்டும். வீட்டில் போட்டாலும் இது தப்பக் கூடாது.

நான் தொண்டர். நியமனக் கடிதம் இல்லை. தொற்றினால் யார் பொறுப்பு?
*பெயர் வேண்டாம், சங்கானை*

கடிதம் இல்லாமல் களத்தில் இறங்காதீர்கள் என்று மட்டும் சொல்லி விடமுடியாது, உங்களுக்கு அந்தக் கொடுப்பனவு தேவை என்பது தெரியும். குறைந்தது மூன்றைக் கையில் வையுங்கள்: எந்தத் திகதியில் எந்தக் கிராமத்துக்கு யார் அனுப்பியது என்று எழுதி, ஒவ்வொரு நாளும் பரிசோதகர் கையொப்பம் வைத்த கொப்பி; தொற்று வந்தால் பரிசோதனை அறிக்கையின் பிரதி; நட்டஈடு பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு நீங்கள் எழுதிய கடிதம், கிடைத்த திகதி முத்திரையோடு. வாயால் கேட்டதற்குப் பின்னால் எந்தச் சாட்சியும் இல்லை. பரிசோதகர்களே, அந்தக் கொப்பியில் கையொப்பம் வைக்க உங்களுக்கு ஒரு நிமிடமும் ஆகாது. தயவுசெய்து வையுங்கள்.

கிராமம் முழுக்க என் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. இரவு பதினொன்றுக்கும் எடுக்கிறார்கள். இப்போது மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, நித்திரை இல்லை.
*மருத்துவமாது, பருத்தித்துறை*

இரண்டாவது சிம் ஒன்றை வேலைக்கென்று எடுங்கள். பின்னேரம் ஆறு மணிக்கு அந்தத் தொலைபேசியை அணைக்கப் போவதாகப் பணிமனையிலும் கிளினிக் சுவரிலும் எழுதி ஒட்டுங்கள். அதன் கீழேயே 1990ஐப் பெரிதாக எழுதுங்கள். இரவில் உண்மையான அவசரத்துக்கு உங்கள் குரலைவிட அம்புலன்சுதான் தேவை. பக்கத்துப் பிரிவு மருத்துவமாதோடு பேசி, கிழமையில் இரண்டு இரவு அவர், இரண்டு இரவு நீங்கள் என்று பேறு நெருங்கிய தாய்மாரின் அழைப்பை மட்டும் எடுக்கலாம். மிச்ச மூன்று இரவும் இருவரும் நித்திரை கொள்ளுங்கள். வட்ஸ்அப் குழுவில் வருகிற மரணச் செய்திகளை இரவில் திறக்காதீர்கள்.

படபடப்பும் நித்திரையின்மையும் இரண்டு கிழமைக்கு மேல் நின்றால் அதைக் காய்ச்சலைப் போலவே நோயாக எடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள். பிரஷர் பார்ப்பதுபோல இதையும் பார்த்துவிடலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. தெரிந்த முகத்திடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல உதவிச் சேவை அது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.